கிடங்கு என்னும் தமிழ்ச்சொல்

கப்பலிலிருந்து சரக்கு கீழே இறங்கும் இடமாதலால் ஆங்கிலேயர் ‘கோடவுன்’ என்று பெயரிட்டார்களாம். பினாங்கின் கெலுகோரில் தமிழ் படித்தவர்களும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். ஒலி ஒத்தால் போதும், வரலாறு எதற்கு என்பது இவர்கள் கட்சி. ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியதே 1786-இல்தான். மலாக்காவைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியரோ 16-ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல்லை ஆண்டுவிட்டனர். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் யார்?

சொல் கிடங்கு, வேர் கிட. கிடை, கிடக்கை எல்லாம் அதன் கிளைகள். மதுரைக்காஞ்சி மதுரையின் அகழியைக் கிடங்கு என்கிறது. சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடனுக்கு ஊர் கிடங்கில். மலையாளத்தில் இன்றும் அகழிக்கு இதுவே பெயர். யாழ்ப்பாணத்தில் குழியெல்லாம் கிடங்கு. பள்ளம் எங்கே, பண்டசாலை எங்கே என்று கேட்பவர்கள், தானியத்தைக் குழிவெட்டிப் புதைத்துக் காத்த வழக்கத்தை மறந்தவர்கள். நீர் கிடந்தால் அகழி, பண்டம் கிடந்தால் சேமிப்பறை. தெலுங்கின் ‘கிட்டங்கி’ இந்த இரண்டாம் பொருளையே கொண்டது.

மலாய் ‘குடாங்’ தான் மூலம் என்போரும் உண்டு. தமிழின் கடை மலாயில் ‘கெடாய்’ ஆனது, கப்பல் ‘காப்பால்’ ஆனது, பெட்டி ‘பெத்தி’ ஆனது. கப்பலும் கடையும் போன இடத்துக்குக் கிடங்கு மட்டும் போகாதா? எல்லாவற்றையும் தமிழாக்கும் வெறி எனக்கில்லை. கெலுகோர் என்பது புளிப்புக்காய் தரும் ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். டேவிட் பிரவுன் என்பவரின் தோட்டத்துக்கும் பிறகு ஊருக்கும் அதுவே நிலைத்தது. அதை மலாய்க்காரரிடமே விட்டுவிடுகிறேன்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சொல் இரண்டாகப் பிரிந்தது. பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கி சரக்கறையாக அல்ல, வட்டிக்கடையாக இருந்தது. நீண்ட கூடம், ஆளுக்கொரு பெட்டி, ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன். பல மார்க்காக்களின், அதாவது வட்டி நிறுவனங்களின், கணக்கு ஒரே கூரையின் கீழ் நடந்தது. இரவில் பாயும் அங்கேதான். பணமும் ஆளும் கிடந்த இடத்துக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் ஏது?

சரக்குக் கிடங்குகளோ கடலைத் தூர்த்து அமைத்த வெல்ட் கீயில் வரிசைகட்டின. மிளகும் ஜாதிக்காயும் இருந்த ஊருக்குப் பேராக்கின் வெள்ளீயம் வந்தது. அதை உருக்க 1907-இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி எழுந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் பிறந்து மின்னணுப் பாகங்கள் வந்தன. பண்டம் மாறியது, பெயர் மாறவில்லை.

சரி, இச்சொல் மலாய்க்கு எப்படிப் போனது? பட்டினப்பாலை சொல்லும் காழகத்தை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றார். கடாரம் பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெடா. அங்கே சரக்கைக் கிடத்திய தமிழ் வணிகன் அந்த இடத்தை வேறெப்படி அழைத்திருப்பான்? கல்வெட்டுக் கேட்பவர்கள் தேடிக்கொண்டிருக்கட்டும். ‘குடாங்’ அவன் இறக்கிவைத்த சொல்லே என்பதில் எனக்கு ஐயமில்லை.