சீனப் பழம்பாடல்களில் சாமானியரின் குரல்

சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பு 'ஷி ஜிங்'. இதிலுள்ள 305 பாடல்களும் ஏறத்தாழ கி.மு. 11 ஆம் நூற்றாண்டுக்கும் 7 ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், சோ அரச மரபின் காலத்தில் தோன்றியவை என்பர். இவற்றுள் 160 பாடல்கள், பதினைந்து பிரதேசங்களின் பெயரால் வகுக்கப்பட்ட 'நாடுகளின் காற்று' என்னும் பகுதியில் அடங்குகின்றன. மக்களின் மனநிலையை அறிவதற்காக அரசர்கள் அதிகாரிகளை அனுப்பிப் பாடல்களைத் திரட்டினார்கள் என்பது பழைய மரபுச் செய்தி.

அரண்மனை வரலாறுகள் சொல்லாத வாழ்க்கையை இப்பாடல்களில் காணலாம். 'ஏழாம் மாதம்' என்னும் நீண்ட பாடல், உழவரின் ஓராண்டு உழைப்பை மாத வரிசையில் விவரிக்கிறது. பெண்கள் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை பறிக்கிறார்கள். ஆண்கள் குளிர்காலத்தில் நரி வேட்டையாடுகிறார்கள். அந்தத் தோலோ பிரபுவின் மகனுக்கு மேலாடையாகிறது. வேட்டையில் சிறிய பன்றி உழைத்தவனுக்கு, பெரியது பிரபுவுக்கு. குளிரைத் தாங்கத் துணியின்றி ஆண்டை எப்படிக் கழிப்பது என்ற கவலையும் அதே பாடலில் உண்டு. 'பெரிய எலி' என்னும் பாடல், தானியத்தைத் தின்று கொழுப்பவனை விட்டு வேறு நிலம் தேடப் புறப்படும் குடியானவனின் கோபம். துணி வியாபாரியை நம்பி மணந்து, பல ஆண்டுகள் பாடுபட்டபின் கைவிடப்பட்ட பெண்ணொருத்தியும் இத்தொகுப்பில் தன் கதையைத் தானே சொல்கிறாள்.

கி.மு. 213 இல் சின் பேரரசு நூல்களை எரிக்க ஆணையிட்டபோது, இந்நூலும் அதற்கு இலக்கானது. ஏட்டில் மட்டுமன்றி மக்களின் நாவிலும் வாழ்ந்ததால் இது தப்பியது என்று ஹான் கால வரலாற்று நூல் கூறுகிறது.

நெருப்புக்குத் தப்பிய பாடல்களால் உரைகாரர்களுக்குத் தப்ப முடியவில்லை. ஹான் கால அறிஞர்கள் இவற்றை அரசநீதி போதிக்கும் உருவகங்களாக விளக்கினர். காதலனுக்காக ஏங்கும் இளம்பெண்ணின் குரல் அரசியின் ஒழுக்கத்துக்குச் சான்றாக மாறியது. இப்பாடல்களுட் பல வெறும் காதற்பாடல்களே என்று 12 ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்னும் அறிஞர் துணிந்து எழுதினார். 1919 இல் பிரெஞ்சு அறிஞர் மார்செல் கிரானே, இவற்றைக் கிராமத்துப் பருவ விழாக்களோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார்.

இவை தூய நாட்டார் பாடல்கள்தாமா என்ற ஐயமும் உண்டு. வெவ்வேறு பிரதேசங்களுக்கு உரியவையாயினும், ஓசையும் மொழியும் பெரும்பாலும் ஒரே சீராக உள்ளன. அரண்மனைப் புலவர்களின் கை பட்டிருக்க வேண்டும் எனப் பலர் கருதுவதற்கு இதுவே காரணம். ஆனால், சிறிய பன்றி யாருக்கு, பெரிய பன்றி யாருக்கு என்ற கணக்கு எந்த அரண்மனையிலும் பிறந்திருக்க முடியாது. பாடலைத் திருத்தியவர்கள் அந்தக் கணக்கை அழிக்காமல் விட்டுச் சென்றார்கள். சாமானியரின் வரலாற்றைத் தேடுவோருக்கு அதுவே பெருங்கொடை.