வண்ணத்தாட் பாயும் பன்பாயும்

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் பெருந்தெருவிலே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் பல அமைந்துள்ளன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழூர்களும் உண்டு. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படும்வரை இக்கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

இவ்வூர்களிலே குழந்தையொன்று எழுத்தறியுமுன்னரே கண்டு பழகிய கைப்பணிகள் இரண்டு. ஒன்று மருதமுனையின் கைத்தறி நெசவு. மற்றையது வீடுதோறும் பெண்கள் இழைத்த பன்பாய். சதுப்பு நிலத்திற் செழித்து வளரும் பன்னை அறுத்து, வெயிலிற் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயம் கலந்த கொதிநீரில் அவித்தெடுப்பர். பின்னர் தரையிலமர்ந்து, ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாகப் போக்கி இழைத்துச் செல்வர். கோலம் எதுவும் தாளில் வரையப்பட்டிருக்காது. எத்தனை இழை தூக்குவது, எத்தனை இழை விடுவது என்னும் கணக்கு இழைப்பவளின் நினைவிலே இருந்தது. உம்மாவின் அருகிலிருந்து பன்னை எடுத்துக் கொடுக்கும் சிறுமி, ஒன்றுவிட்டு ஒன்று எண்ணும் கணக்கை அவ்வாறே கற்றாள். உறங்குவதற்குரிய பாய், விருந்தினருக்கு விரிக்கும் வண்ணப் பாய், தொழுகைக்குரிய சிறுபாய் என அதிற் பல வகை.

இனி, இக்கரைக்கும் ஜேர்மன் நாட்டுக் கல்வியறிஞர் ஒருவருக்கும் என்ன தொடர்பு என்பதைக் காண்போம். பிரெடரிக் புரோபெல் என்பவர் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். குழந்தை தன் கையாற் செய்து அறிவதே முதற் கல்வி என்பது அவர் துணிபு. நூற்பந்து, மரக்கட்டை முதலியவற்றை விளையாடக் கொடுத்தார். தாளை மடித்தல், வெட்டுதல், ஊசியாற் குத்திக் கோலமிடுதல், களிமண் பிசைதல் முதலியவற்றைப் பழக்கினார். அவற்றுள் முக்கியமானதொன்று, வண்ணத்தாட் கீற்றுகளை மேலும் கீழுமாகப் போக்கிச் சிறு பாய் இழைத்தல்! புரோபெல் ஒரு நாள் கல்முனையில் வந்திறங்கியிருப்பாராயின், தம்முடைய பாடத்தை வீட்டு முற்றங்களிலே கண்டு வியந்திருப்பார்.

அவருடைய முயற்சிக்கு வந்த இடையூறும் விந்தையானதே. 1851இல் பிரஷ்ய அரசாங்கம் இக் குழந்தைத் தோட்டங்களைத் தடைசெய்தது. அவருடைய சகோதரர் மகனின் அரசியற் கருத்துகளை அவர்மீதே ஏற்றிக்கொண்ட பெயர் மயக்கமும் அதற்கு ஒரு காரணம். மறுவருடம் அவர் காலமானார். தடை 1860 வரை நீடித்தது. எனினும் அவர்பாற் பயின்ற பெண்கள் அம்முறையை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றனர். அங்கிருந்து ஆங்கில ஆட்சியின் வழியாக அது கீழ்நாடுகளையும் அடைந்தது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே அது விரைந்து பரவவில்லை. குழந்தை முதலிற் சென்றது குர்ஆன் பள்ளிக்கூடத்துக்கே. மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் மார்க்கத்துக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் பெற்றோரிடம் இருந்தது. அவ்வச்சத்தைக் காரணமற்றதென ஒதுக்கவும் இயலாது. பின்னர் அரசாங்க முஸ்லிம் பாடசாலைகள் பெருகின. அட்டாளைச்சேனையிலே முஸ்லிம் ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலையும் தோன்றியது. இவற்றோடு பாலர் வகுப்பின் கைவேலைப் பாடமும் இக்கரைக்கு வந்தது. அவ்வாறு வந்தபோது பன்னாக வரவில்லை. வண்ணத் தாளாகவே வந்தது. வீட்டிலே முழுப்பாய் இழைக்கத் தெரிந்த சிறுமி, வகுப்பிலே சாணளவு தாட்பாய் இழைத்து அதனைப் புதிய பாடமாகக் கற்றாள்.

கையறிவையும் கல்வியையும் பிரித்துவைத்த இக்குறையைப் பலர் உணர்ந்தே இருந்தனர். 1908இல் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, மேனாட்டு முறைக் கல்வி கைவினை மரபைக் கெடுக்கின்றதென வாதித்தார். இந்தியாவிலே 1937இல் வார்தாவிற் கூடிய மகாநாட்டின் பின்னர், டாக்டர் ஸாகிர் ஹுசைன் தலைமையிலான குழு, கைத்தொழிலொன்றை நடுவாக வைத்து ஏனைய பாடங்களை அதனோடு இணைக்கும் ஆதாரக் கல்வியை வகுத்தது. இலங்கையிலும் அதே காலப்பகுதியில், கன்னங்கராவின் ஆதரவுடன் ஹந்தெஸ்ஸை கிராமியக் கல்வித் திட்டம் நடைபெற்றது. கிராமத்துத் தொழிலைக் கிராமப் பாடசாலையிற் கற்பிப்பதே அதன் நோக்கம்.

இத்திட்டங்கள் வேரூன்றாமைக்கு அதிகாரிகளை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. பாய் இழைத்தும் தறியிலிருந்தும் முதுகு வளைந்த பெற்றோர், தம் பிள்ளை அவ்வுழைப்பினின்றும் தப்பவேண்டும் என்பதற்காகவே பாடசாலைக்கு அனுப்பினர். அங்கேயும் பாய்தானா என அவர்கள் கேட்டிருந்தால், அக்கேள்வியில் நியாயம் உண்டு. வீட்டுப் பாய் விற்றுக் காசாகவேண்டிய பாய், பிழைத்தால் நட்டம். வகுப்புத் தாட்பாய் பிழைக்கலாம், பிரித்து மீண்டும் இழைக்கலாம். குழந்தைக்குரிய கைவேலையின் உயிர்நாடி இவ்வுரிமையே. ஆதாரக் கல்வியின் ஆதரவாளர்கள், பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பாடசாலைச் செலவை ஈடுசெய்யலாம் எனக் கருதியபோது, இவ்வேறுபாட்டை மறந்தனர் என்றே சொல்லவேண்டும்.

மற்றொரு தடை பரீட்சை. 1945 முதல் கல்வி இலவசமாயிற்று. தாய்மொழியே ஆரம்ப வகுப்புகளின் போதனாமொழியுமாயிற்று. மத்திய கல்லூரிகளுக்கு ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க ஏற்பட்ட ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை பலருடைய வாழ்வை உயர்த்தியது. ஆயின் அப்பரீட்சையிலே கைக்கு வேலையில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் ஒன்றிணைந்த பாடத்திட்டத்தைக் கொணர்ந்தது. 1999இல் நாடெங்கும் தொடங்கிய சீர்திருத்தமோ முதலிரண்டு வகுப்புகளில் விளையாட்டுக்கும் செயலுக்கும் முதலிடம் அளித்தது. இருந்தும் ஐந்தாம் வகுப்பை நெருங்க நெருங்கக் கத்தரிக்கோலும் களிமண்ணும் ஒதுங்கிப் பயிற்சி வினாத்தாள்களே முன்வந்தன.

கைவேலை வேறொரு தேவைக்கும் உதவியது. 1990இல் நேர்ந்த கொடுமைகளின் பின் கிழக்கின் தமிழூர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்தன. அவ்வேளையில், 1996ஆம் ஆண்டு, மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதனை நிறுவியோருள் முதன்மையானோர். போரினால் அல்லலுற்ற இரு சமூகக் குழந்தைகளும் அங்கே கூடிக் களிமண்ணில் உருவம் செய்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்தனர். அங்கே புள்ளியுமில்லை, பரிசுமில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையுள்ள கரையை அழித்தபோது, உயிர் தப்பிய குழந்தைகளுக்குத் தாளும் வண்ணக்கோலும் கொடுக்கவேண்டும் என்பதை விளக்கிச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பன்பாயின் இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்ரிக் பாய் பிடித்துக்கொண்டது. மூத்தம்மாவிடமிருந்து பேத்திக்கு வந்த இழைக்கணக்கு, அவ்வாறு இடைமுறிந்த வீடுகளிலே, பாலர் வகுப்பின் வண்ணத்தாட் கீற்றில் மட்டும் எஞ்சியிருக்கிறது: ஒன்றின் மேல், ஒன்றின் கீழ், அடுத்த வரியில் அதனை மாற்று.