நியூயார்க் நகர உச்சநேர மின்நிலையங்களும் மின்கலச் சேமிப்பும்

ஆண்டு முழுவதும் ஓடாமல், மின்தேவை மிகுந்த நாள்களில் சில மணிநேரம் மட்டும் இயக்கப்படும் அனல் மின்நிலையம் உச்சநேர மின்நிலையம் எனப்படும். நியூயார்க் நகரில் கோடைப் பிற்பகல்களில் எழும் குளிர்சாதனத் தேவையை, இயற்கை எரிவாயுவாலோ எரியெண்ணெயாலோ இயங்கும் இத்தகைய சுழலிகளே நெடுங்காலமாக ஈடுசெய்து வந்துள்ளன. இவற்றுக்கு மாற்றாக, தேவை குறைந்த வேளையில் மின்னேற்றம் பெற்று உச்சநேரத்தில் மின்சாரத்தைத் திருப்பித் தரும் லித்தியம் அயனி மின்கலத் தொகுதிகளை நிறுவும் முயற்சி, 2019க்குப் பின் அரசின் கொள்கையாக வலுப்பெற்றது.

பின்னணி

நீர்நிலைகளால் சூழப்பட்ட இந்நகருக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் தடங்கள் போதிய அளவில் இல்லாததால், உச்சத் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு ஈடான உற்பத்தித்திறன் நகரத்திற்குள்ளேயே இருக்கவேண்டும் என மின்தொகுப்பு விதிகள் கோருகின்றன. ஆகவே பிராங்க்ஸ், குயின்ஸ், புரூக்ளின் ஆகிய பகுதிகளின் குடியிருப்புகளை ஒட்டியே மின்நிலையங்கள் எழுந்தன; புரூக்ளின் கரையிலுள்ள கோவானஸ், நாரோஸ் நிலையங்கள் 1970களின் தொடக்கத்தில் மிதவைகளின்மீது அமைக்கப்பட்டவை. பழைய சுழலிகள் உமிழும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குவதாலும், காற்று ஏற்கெனவே கெட்டிருக்கும் வெப்ப நாள்களிலேயே அவை இயக்கப்படுவதாலும், ஆஸ்துமா போன்ற மூச்சுநோய்கள் தீவிரமடைகின்றன.

சட்ட ஏற்பாடுகள்

நியூயார்க் மாநிலம் 2019இல் இயற்றிய காலநிலைச் சட்டம், 2030க்குள் 70 விழுக்காடு மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்றும், 2040க்குள் மின்துறை உமிழ்வற்றதாக வேண்டும் என்றும் விதித்தது. 2030க்கான சேமிப்பு இலக்கு 3,000 மெகாவாட்டிலிருந்து 2024இல் 6,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. பழைய சுழலிகளின் நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வுக்கு 2023, 2025 என இரு கட்டங்களில் கடுமையாகும் வரம்புகளை விதித்த தனி ஒழுங்குமுறையால் பல சுழலிகள் ஓய்வு பெற்றன.

திறனும் கால அளவும்

ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தரமுடியும் என்பதை மெகாவாட்டும், மொத்தம் எவ்வளவு தரமுடியும் என்பதை மெகாவாட்-மணியும் குறிக்கின்றன. 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி கொண்ட தொகுதி முழுத்திறனில் நான்கு மணிநேரத்தில் தீர்ந்துவிடும். எரிபொருள் உள்ளவரை ஓடும் சுழலிக்கு இவ்வரம்பு இல்லை. 2025 கோடையின் கடும் தேவை நாளில் நகரத்தில் 446 மெகாவாட் வரையிலான பற்றாக்குறை ஒன்பது மணிநேரம் நீடிக்கக்கூடும் என 2023இல் மாநில மின்தொகுப்பு இயக்க அமைப்பு மதிப்பிட்டதும், ஓய்வு பெறவிருந்த கோவானஸ், நாரோஸ் சுழலிகள் சில தொடர்ந்து இயங்க அனுமதிக்கப்பட்டதும் இவ்வேறுபாட்டின் விளைவைக் காட்டுகின்றன. குயின்ஸிலுள்ள ரேவன்ஸ்வுட் நிலைய வளாகத்திற்கு 2019இல் ஒப்புதல் பெற்ற 316 மெகாவாட் சேமிப்புத் திட்டம், எட்டு மணிநேரம் மின்சாரம் தரும் வகையில் வகுக்கப்பட்டது.

வரம்புகள்

மின்னேற்றத்திலும் இறக்கத்திலும் ஒரு பகுதி ஆற்றல் இழக்கப்படுவதால், எரிவாயு மின்சாரத்தால் நிரப்பப்படும் மின்கலம் உமிழ்வை நீக்காமல் வேறு நேரத்திற்கு மாற்றுவதோடு நின்றுவிடக்கூடும். நகருக்கு மின்சாரம் தந்துவந்த இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம் 2021 ஏப்ரலில் மூடப்பட்டதால் நகரின் எரிவாயுச் சார்பு மேலும் கூடியது. தீ ஆபத்து மற்றொரு தடையாகும்: 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் சேமிப்பு நிலையத்தில் மூண்ட பெருந்தீ, சுற்றியிருந்த மக்களை வெளியேற்றும் நிலைக்கு இட்டுச்சென்றது. நியூயார்க் தீயணைப்புத் துறை மின்கல அமைப்புகளுக்குத் தனிச் சோதனைகளையும் அனுமதிகளையும் கட்டாயமாக்கியுள்ளது.

கியூபெக்கின் நீர்மின்சாரத்தைக் குயின்ஸுக்குக் கொண்டுவரும் 1,250 மெகாவாட் கம்பிவடத் திட்டம் போன்ற மின்கடத்தல் வசதிகள் தூய மின்சாரத்தை நகருக்குள் சேர்க்கும்போதுதான், மின்கலச் சேமிப்பு உச்சநேர மின்நிலையங்களுக்கு முழுமையான மாற்றாக அமையும்.