இருப்புப்பாதையும் பெரியம்மையும்

நம் காலனி முதியோரின் கையில் அம்மை குத்திய தழும்பைக் காணலாம். அதன் பின்னே நெடிய வரலாறு உண்டு. பசுவம்மைப் பாலால் பெரியம்மையைத் தடுக்கலாமென 1796-இல் ஆங்கில மருத்துவர் எட்வர்டு ஜென்னர் காட்டினார். 1802 ஜூன் 14-இல் பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு, இந்திய மண்ணில் முதன்முதலாக அம்மை குத்தப்பெற்றது.

எனினும் நோய் இந்நாட்டைவிட்டு நீங்க 173 ஆண்டுகள் ஆயின. இரயில்வே ஊழியனாகிய என் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. 1974-இல், அன்றைய பீகாரின் டாட்டாநகரில் வண்டியேறியோர் தாமறியாமலே நோயைச் சொந்த ஊர்களுக்குச் சுமந்து சென்றனர். மக்களை ஏற்றிய வண்டியே நமனையும் ஏற்றிச் சென்றது!

சுகாதார ஊழியர் அயரவில்லை. வீடு வீடாகத் தேடி நோயாளியைக் கண்டு, அவரைத் தனிமைப்படுத்தி, சுற்றியிருந்தோர் அனைவருக்கும் அம்மை குத்தினர். இந்நாட்டில் காணப்பெற்ற இறுதி நோயாளி, 1975 மே மாதத்தில் அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் இரயில் நிலைய நடைமேடையில் தங்கியிருந்த ஓர் ஏழைப் பெண். 1980 மே மாதத்தில் உலகமே இந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது.

நாமும் விடுமுறைதோறும் வண்டியேறி ஊர் செல்பவர்களே. அங்குள்ள பாட்டிக்குப் பேரக்குழந்தையின் சிரிப்பைக் கொண்டு செல்வோம், நோயை அன்று. பயணச்சீட்டைப் போலவே தடுப்பூசி அட்டையையும் பேணுவோமாக!