முகவரிப் பஞ்சமும் மூடிய கதவும்
சிற்றலுவலகச் சேவையகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் அரசர்தம் கொடிவழியும் போர்க்களங்களுமே நம் நினைவிற்கு வருவன. ஆயின், சிற்றலுவலகம் ஒன்றின் மூலையில் விளக்குகள் மின்ன வீற்றிருக்கும் ரவுட்டர் எனும் வழிப்படுத்திக்கும் ஒரு வரலாறு உண்டு. அலுவலகத்தார் தம் கணினியொன்றிலே சேவையகம் ஒன்றை நிறுவுகின்றனர். உள்ளிருப்போர் யாவர்க்கும் அது இயங்குகின்றது. வெளியிலிருந்து அழைப்போர்க்கோ விடை கிடைப்பதில்லை. இஃது அமைத்தவரின் அறியாமையால் நேர்ந்ததெனக் கொள்வது பொதுவழக்கு. எனினும் இக்குறையின் வேர் 1981 ஆம் ஆண்டுவரை செல்கின்றது. அவ்வேரினை அகழ்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1981 செப்டெம்பரில் ஜோன் பொஸ்டலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆர்.எவ்.சி. 791 எனும் ஆவணம் வெளிவந்தது. ஒவ்வொரு முகவரியும் 32 பிட் நீளமுடையது என அது வரையறுத்தது. அதன்படி கிடைக்கக்கூடிய முகவரிகள் 4,294,967,296 ஆகும். அவ்வாண்டின் உலக மக்கட்டொகையே இத்தொகையை விஞ்சியிருந்தது. ஆளுக்கொரு முகவரி என்பது தொடக்கத்திலேயே இயலாததாயிற்று. ஆயினும் 1983 சனவரி 1 ஆம் நாள் ஆர்ப்பாநெற் வலையமைப்பு இம்முறைக்கு மாறியபோது இக்குறை எவரையும் உறுத்தவில்லை. கணினிகள் சிலவே, அவற்றை உடைய நிறுவனங்களும் சிலவே.

அக்காலத்து வலையமைப்பின் தலையாய பண்பு சமத்துவம் எனலாம். முகவரி பெற்ற எக்கணினியும் பிறிதொன்றை நேரே அழைக்கலாம். பிறிதொன்றால் அழைக்கவும் படலாம். ஆனால் முகவரிப் பங்கீட்டிற் சமத்துவம் இருக்கவில்லை. 16,777,216, 65,536, 256 என மூன்று அளவுகளிலேயே தொகுதிகள் வழங்கப்பட்டன. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டும் முதலளவுத் தொகுதியொன்றைத் தனித்தனியே பெற்றிருந்தன. ஸ்ரான்போர்ட் தன் தொகுதியை 2000 ஆம் ஆண்டில் திருப்பிக் கொடுத்தமை ஈண்டு குறிப்பிடத்தக்கது.

தொண்ணூறுகளின் தொடக்கத்திற் பஞ்சம் கண்முன் நின்றது. 1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 1597, சில முகவரித் தொகுதிகளைத் தனியார் வலையமைப்புகளின் உட்பயன்பாட்டிற்கென ஒதுக்கியது. 10 இல் தொடங்குவனவும் 192.168 இல் தொடங்குவனவும் அவற்றுட் சில. எத்தனை அலுவலகங்களும் அவற்றை ஒருங்கே பயன்படுத்தலாம். ஆனால் அவை வெளியுலகிற் செல்லா. அதே ஆண்டு மே மாதத்தில் எகேவாங், போல் பிரான்சிஸ் என்போர் ஆர்.எவ்.சி. 1631 இல் முகவரி மாற்றி எனும் கருவியை விளக்கினர். நிரந்தரத் தீர்வு வரும்வரை நின்று உதவுவதாகவே அவர்கள் அதனை முன்வைத்தனர்.

எதிர்ப்பும் எழாமலில்லை. தனியார் முகவரி ஒதுக்கீட்டைக் கண்டித்து 1994 யூலையில் ஆர்.எவ்.சி. 1627 வெளிவந்தது. அதனை எழுதியோருள் ஒருவரான எலியட் லியர், 1996 பெப்ரவரியில் அவ்வொதுக்கீட்டை நிலைநிறுத்திய ஆர்.எவ்.சி. 1918 இன் ஆசிரியருள்ளும் ஒருவராக விளங்குகின்றார். கொள்கையைத் தேவை வென்ற கதையை இவ்விரு ஆவணங்களும் உரைக்கின்றன.

முகவரி மாற்றியின் இயல்பை அறிந்தாலன்றிச் சிற்றலுவலகத்தின் இடர் விளங்காது. உள்ளிருந்து ஒரு கணினி வெளியே பேசும்போது, வழிப்படுத்தி அதன் தனியார் முகவரியை அகற்றித் தன் பொது முகவரியை இடுகின்றது. துறை எண் ஒன்றையும் கொடுத்து, இன்னாருக்கு இன்ன துறை எனத் தன் அட்டவணையிற் குறித்துக்கொள்கின்றது. விடை வரும்போது அக்குறிப்பே வழிகாட்டி. வெளியார் ஒருவர் முதலில் அழைப்பாராயின் அவ்வட்டவணையில் அவர்க்கு இடமில்லை. அழைப்பு வாயிலிலேயே கைவிடப்படுகின்றது. கேட்போர் கேட்கலாம், கொடுப்போர் கொடுக்கவியலாது. எவரும் சட்டமிட்டு இதனைச் செய்தாரல்லர். சிக்கன முறையொன்றின் பக்கவிளைவே இது.

இவ்விடத்தே துறை முன்னனுப்பல் எனும் அமைப்பு வேண்டப்படுகின்றது. 80 ஆம் துறைக்கு வரும் அழைப்பை இன்ன உள்முகவரிக்கு அனுப்புக என நாமே எழுதிவைக்கும் விதிவிலக்கு அது. அது பயன்படாதவிடத்து ஆராய வேண்டியவை சில. முதலாவது, சேவையகத்தின் உள்முகவரி மாறாதிருத்தல். வழிப்படுத்தி தானே முகவரி வழங்கும் முறையில், மின்சாரம் தடைப்பட்டு மீண்டபின் வேறு முகவரி வாய்த்தல் கூடும். அப்போது விதி ஆளில்லா வீட்டைச் சுட்டி நிற்கும். ஆதலின் அம்முகவரியை ஒதுக்கி நிலைப்படுத்தல் வேண்டும். இரண்டாவது, சேவையகக் கணினியின் தீச்சுவர் அத்துறையைத் திறந்துள்ளதா என நோக்குதல். மூன்றாவது, சோதிக்கும் இடம். உள்ளிருந்தே பொது முகவரியை அழைக்குமிடத்துச் சில வழிப்படுத்திகள் அதனைத் திருப்பியனுப்பா. கைத்தொலைபேசியின் தரவு இணைப்பினூடாகச் சோதிப்பதே பொருத்தமானது.

நான்காவதே வரலாற்று மாணவர்க்கு மிக முக்கியமானது. வழிப்படுத்தியின் வெளிப்புற முகவரியை, வெளித்தளங்களுக்குத் தெரியும் நம் முகவரியோடு ஒப்பிடல் வேண்டும். இரண்டும் வேறுபடின் மற்றொரு முகவரி மாற்றி நமக்கும் உலகிற்கும் இடையே நிற்கின்றது. வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையான எல்லையுள் அமையின், அது சேவை வழங்குநரிடத்தே இருப்பது பெரும்பாலும் உறுதி. அந்நிலையில் நம் வழிப்படுத்தியில் முன்னனுப்பல் விதி எத்தனை எழுதினும் பயனில்லை. பொது முகவரியை வழங்குநரிடம் கேட்டுப் பெறலாம். அன்றேல் உள்ளிருந்து வெளியே தொடங்கும் சுரங்க இணைப்பை நாடலாம்.

இவ்வெல்லை 2012 ஏப்ரிலில் ஆர்.எவ்.சி. 6598 மூலம் ஒதுக்கப்பட்டது. காரணம் தெளிவு. 2011 பெப்ரவரி 3 ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியத்தின் இறுதித் தொகுதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. இலங்கையை உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் பதிவகமான அப்னிக், ஏப்ரில் 15 ஆம் நாள் தன் இறுதித் தொகுதியை எட்டியது. அதன்பின் அத்தொகுதியிலிருந்து உறுப்பு நிறுவனமொன்று பெறக்கூடிய ஆகக்கூடிய தொகை 1,024 முகவரிகள் என வரையறுக்கப்பட்டது. முந்தி வந்த பல்கலைக்கழகம் ஒன்றின் 16,777,216 ஐயும் பிந்தி வந்தோரின் 1,024 ஐயும் அருகருகே வைத்து நோக்குக. தொழினுட்பம் என நாம் எண்ணியது சொத்துடைமை வரலாறாகவும் தோன்றும்.

மூடிய கதவு பாதுகாப்பும் அளிக்கின்றதே எனச் சிலர் வினவலாம். அது முற்றிலும் பிழையன்று. திறந்த துறையைத் தேடித் தட்டும் தீயோர் இணையத்திற் பலர். தேவையற்ற துறையைத் திறந்துவைத்தல் பேதைமை. ஆனால் காவல் என்பது தீச்சுவரின் தொழில். அதனை முகவரிப் பஞ்சத்திடம் ஒப்படைக்க வேண்டுவதில்லை. 1995 டிசம்பரில் முதன்முதல் வரையறுக்கப்பட்ட ஐபி ஆறாம் பதிப்பு 128 பிட் முகவரியைத் தருகின்றது. அதன்கீழ் ஒவ்வொரு கணினியும் தனி முகவரி பெறலாம். எத்துறையைத் திறப்பது என்பதை உடையவரே தீர்மானிக்கலாம்.

தற்காலிகமாக வந்தவை நிலைத்துவிடுதல் வரலாற்றிற் புதிதன்று. 1994 இன் இடைக்கால ஏற்பாடு இன்றும் நம் அலுவலக மூலையில் மின்னிக்கொண்டிருக்கின்றது. சேவையகம் இயங்காதபோது அமைப்புகளைத் திருத்துவோம். திருத்தியும் இயங்காவிடின், கதவை மூடியவர் யார், எப்போது, எதன்பொருட்டு என வினவுவோம். அவ்வினாவைத் தொடுப்பதற்கு வரலாற்றறிவு நமக்குத் துணைநிற்கும்.