போருக்குப் போன பந்து வீச்சாளர்



நம் தோட்டத்துத் திடலில் பந்து என்றால் அது காற்பந்துதான். இருந்தாலும் இன்று ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஹெட்லி வெரிட்டி. 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர். யார்க்‌ஷயர் குழுவுக்காக இடக்கையால் மெதுவாகப் பந்து வீசியவர்.

மெதுவான பந்துதானே என்று இலேசாக எண்ணிவிடக் கூடாது. பால் வெட்டுகிறவருக்கு உளியின் அளவு தெரிய வேண்டும். ஆழம் கூடினால் மரம் கெடும், குறைந்தால் பால் வராது. வெரிட்டியின் பந்தும் அப்படி அளவு பார்த்து விழும். 1932இல் நாட்டிங்ஹாம்‌ஷயர் குழுவின் பத்து விக்கெட்டுகளையும் அவர் ஒருவரே வீழ்த்தினார். கொடுத்த ஓட்டங்கள் பத்தே பத்து! ஆஸ்திரேலியாவின் மாபெரும் வீரர் பிராட்மனை டெஸ்ட் ஆட்டங்களில் 8 முறை ஆட்டமிழக்கச் செய்தார். 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டம் நடந்தபோது, 11 விக்கெட்டுகளை எடுத்தவரும் இவரே.

இத்தனை இருந்தும் யார்க்‌ஷயருக்கு அவர் கேப்டனாக முடியாது. காரணம், அவர் சம்பளம் வாங்கி ஆடுபவர். அக்காலத்து இங்கிலாந்தில் பணம் வாங்காமல் ஆடும் கனவான்களே தலைமை ஏற்பர். பல திடல்களில் உடை மாற்றும் அறைகூட இரு சாராருக்கும் வேறு வேறு. துரைமார் கிளப்புக்கு வெளியே நின்ற நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

1938இல் போர் வருமோ என்ற அச்சம் எழுந்தபோதே வெரிட்டி தமக்கு அறிமுகமான ஒரு கர்னலிடம் யோசனை கேட்டார். அவர் கொடுத்த இராணுவ நூல்களைப் பந்து வீச்சைப் படித்ததைப் போலவே கருத்தாகப் படித்தார். நாடு அழைக்கட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடவில்லை. அதுவே இவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

1939 செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. அன்று ஹோவ் நகரில் சசெக்ஸ் குழுவை எதிர்த்து ஆடிய வெரிட்டி, 9 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தார். சசெக்ஸ் 33 ஓட்டங்களில் சுருண்டது. அந்தப் பருவத்தில் மட்டும் அவர் எடுத்தவை 191 விக்கெட்டுகள். வயது 34. இன்னும் சில ஆண்டுகள் ஆடிச் சம்பாதித்திருக்கலாம். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தனர். ஆனால் ஹோவ் ஆட்டமே யார்க்‌ஷயருக்கு அவர் ஆடிய கடைசிப் பெரிய ஆட்டமாயிற்று.

கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். கிரிக்கெட்டில் கிடைக்காத கேப்டன் பதவி இராணுவத்தில் கிடைத்தது. ஒரு கம்பெனி வீரர்களுக்குத் தலைமை தாங்கினார். 1943 ஜூலை 19ஆம் தேதி இரவு, இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் கட்டானியாச் சமவெளியில் அவர் கம்பெனி முன்னேறியது. சுற்றிலும் கதிர் முற்றிய வயல். குண்டு பட்டு அது தீப்பற்றி எரிந்தது. வெரிட்டியின் மார்பில் காயம் பட்டது. விழுந்த நிலையிலும் தம் ஆட்களை முன்னேறச் சொன்னார். அவர்கள் பின்வாங்க நேர்ந்தபோது பணியாளர் ஒருவர் மட்டும் அவரை விட்டுப் போகாமல் உடனிருந்தார். இருவரும் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டனர்.

இத்தாலியிலுள்ள கசெர்த்தா நகர மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஜூலை 31ஆம் தேதி வெரிட்டி காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வயது 38.

யார்க்‌ஷயரில் அவருடன் ஆடிய லென் ஹட்டன், 1952இல் இங்கிலாந்து குழுவின் கேப்டனானார். அவரும் சம்பளம் வாங்கி ஆடியவர்தாம். கனவான், கூலிக்காரர் என்ற அந்தப் பிரிவினையே 1962இல் எடுபட்டது.