ஓர் இரவு எரிமலை

மத்தூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் அவருடைய மாந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் ஒரு சிறு கரடு. யானை படுத்திருப்பது போல இருக்கிறது என்று எழுதினால் வாசகர்கள் கொட்டாவி விடுவார்கள். எழுத்தாளர்களின் கண்ணுக்கு எல்லாக் கரடும் யானையாகத்தான் படுத்திருக்கிறது. ஆகையால் கரடு என்றே சொல்லி நிறுத்திக் கொள்கிறேன்.

தை மாதக் கடைசியில் அங்கே போயிருந்தேன். மாமரங்கள் பூத்துத் தோப்பு முழுவதும் மணத்துக் கொண்டிருந்தது. நண்பருடைய மகன் விடுமுறையில் வந்திருந்தான். ஆப்பிரிக்காவில் டான்ஸானியா தேசத்தில், டார் எஸ் ஸலாம் பட்டினத்தில் அவனுக்கு வேலை. இரவுச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டத் தொடங்கினான்.

எல்லாம் ஓர் எரிமலையின் படங்கள். ஓல் டொயின்யோ லெங்காய் என்பது அதன் பெயர். ‘கடவுளின் மலை’ என்று மசாய் மக்களின் பாஷையில் அர்த்தமாம். உயரம் 2,962 மீட்டர். நடுநிசிக்கு ஏறத் தொடங்கினால்தான் சூரியோதயத்துக்கு உச்சியை அடையலாம். பகலில் ஏறினால் வெயில் பொசுக்கிவிடும். மசாய் வழிகாட்டி ஒருவன் முன்னால் போக, சாம்பல் சரிவில் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து ஏறியதை அவன் விவரித்தபோது எனக்கே முழங்கால் வலித்தது.

“மேலே போய் நின்றோம் சார். கீழே பள்ளத்தில் புகை. அந்தப் பக்கம் சூரியன். உயிருள்ள மலை என்றால் அதுதான். நம் ஊரில் என்ன இருக்கிறது? வெறும் பாறை!”

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பா தோப்பைப் பார்த்தார். இந்தப் பார்வைகளுக்குப் பின்னால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மறைக்கவில்லை; நண்பரே சொன்னார். அந்தக் கரட்டைக் கல் குவாரிக்குக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்து போயிருக்கிறார். பத்திரம் தயாராகிக் கூடத்து அலமாரியில் கிடக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கிடைக்கும் பணத்தில் வீட்டைப் புதுப்பித்து, தங்கையின் கல்யாணத்தையும் முடித்துவிடலாம் என்பது பிள்ளையின் கட்சி. அதில் தவறு ஒன்றும் இல்லை. “பாறைதானே அப்பா!” என்று அவன் சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கும் சட்டென்று பதில் தோன்றவில்லை.

“தம்பி, நாளைக்கு விடியற்காலையில் என்னோடு கிருஷ்ணகிரி மலைக்கு வருகிறாயா? அதுவும் ஒரு காலத்தில் எரிமலைதான்” என்றேன்.

அவன் சிரித்தான். ஆனாலும் வந்தான்.

மத்தூரிலிருந்து நாலரை மணிக்குப் புறப்பட்டோம். போச்சம்பள்ளிப் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் ஆள் மாற்றும் பஸ்கள் எதிரே வந்து கொண்டிருந்தன. ஜன்னலோரத்தில் தூங்கி வழியும் முகங்கள். மலையடிவாரத்தை அடைந்தபோது கீழ்வானம் லேசாக வெளுத்திருந்தது. நண்பருக்குப் பழக்கமான ஒரு பெரியவர் அங்கே காத்திருந்தார். அந்தச் சரிவுகளில் வெகுகாலம் ஆடு மேய்த்தவர். கையில் ஒரு கோல், தோளில் ஒரு துண்டு. அவர்தான் எங்கள் வழிகாட்டி.

“பாத்து வாங்க சார். பனி பெஞ்சிருக்கு, பாறை வழுக்கும். நான் கால் வைக்கிற எடத்துலயே வைங்க” என்றார்.

மசாய் வழிகாட்டியும் இதையேதான் சொன்னானாம். உலகத்தில் மலைகள் வேறுவேறு; வழிகாட்டிகளின் பாஷை ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்தப் பிரதேசத்துக்குச் சரித்திரத்தில் பாராமகால் என்று பெயர். பாரா என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு மலைக்கோட்டைகள் காத்து நின்ற சீமை. மேலே மைசூர்ப் பீடபூமி. கீழே கர்நாடகச் சமவெளி. இரண்டுக்கும் நடுவில் மாடிப்படி போலக் கிடக்கிறது இந்த நிலம். ஏறுகிறவனும் இறங்குகிறவனும் இதை மிதித்துத்தான் போக வேண்டும். அதனால்தான் இங்கே பாறை கண்ட இடமெல்லாம் கோட்டை கட்டினார்கள். பன்னிரண்டில் தலைமையானது கிருஷ்ணகிரி.

செங்குத்தான வழியில் முதல் மூச்சு வாங்கிய இடத்தில் உட்கார்ந்து, 1767-ஆம் வருஷத்துக் கதையைத் தொடங்கினேன்.

அப்போது கோட்டை ஹைதர் அலியின் கையில் இருந்தது. கும்பினியாரின் படை கர்னல் ஜோசப் ஸ்மித் என்பவரின் தலைமையில் பாராமகாலுக்குள் புகுந்தது. வாணியம்பாடி, திருப்பத்தூர், காவேரிப்பட்டினம் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி மலையில் ஏறிப் பார்த்தார்கள். முடியவில்லை. பிறகு ஹைதரும் நிஜாமும் சேர்ந்து இறங்கி வந்தபோது, ஸ்மித் செங்கத்துக்கும் அங்கிருந்து திருவண்ணாமலைக்கும் பின்வாங்கினார். இன்று மத்தூர் வழியாகப் பஸ்கள் போகிற திசையில்தான் அன்று பீரங்கி வண்டிகள் உருண்டன. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் பெரிய சண்டைகள் நடந்து, இரண்டிலும் கும்பினிப் படையே வென்றது. மறு வருஷம் கிருஷ்ணகிரிக்கு மீண்டும் வந்தார்கள். இந்தத் தடவை ஏறவில்லை. அடிவாரத்தை வளைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேலே தானியம் தீர்ந்தது. 1768-இல் கோட்டை பணிந்தது.

“அப்படியானால் பிடித்துவிட்டார்களே” என்றான் பையன்.

“பிடித்தது படை அல்ல, பசி. அதுவும் நிலைக்கவில்லை. 1769-இல் சென்னையில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று ஷரத்து. ஒரு காகிதத்தில் மலை மறுபடியும் மைசூருக்குப் போயிற்று.”

பெரியவர் கோலைத் தட்டினார். எழுந்து நடந்தோம். படிகள் இன்னும் செங்குத்தாயின. இரண்டு பக்கமும் மழமழவென்று பாறை. பக்கத்தில் ஒரு புல் கூடப் பிடித்துக் கொள்ள இல்லை. இடிந்த மதிலின் கீழே அடுத்த முறை நின்றோம். என் எரிமலை அங்கேதான் இருந்தது.

1791-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி. ஹைதர் காலமாகி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன; திப்பு சுல்தானின் ஆட்சி. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அந்த மார்ச்சில் பெங்களூரைப் பிடித்துவிட்டார். ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் போய்விட்டன. அக்டோபரில் நந்தி துர்க்கம் விழுந்தது. டிசம்பரில் சாவன துர்க்கம் விழப் போகிறது. ஏற முடியாதவை என்று பெயர் வாங்கிய மலைகள் அவை. நடுவில் கிருஷ்ணகிரியின் முறை வந்தது. லெப்டினன்ட் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரத்தை முடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

அவருடைய யோசனை கெட்டிக்காரத்தனமானது. இரவில் அடிவாரத்துப் பேட்டையைத் தாக்குவது. அங்கிருந்து மேலே ஓடுகிறவர்களோடு கலந்து ஓடி, வாசல் சாத்துவதற்குள் உள்ளே நுழைந்துவிடுவது. வளர்பிறை நிலா. பேட்டை சுலபமாக விழுந்தது. ஓட்டமும் சரியாகவே நடந்தது. மேல்வாசலை அவர்கள் தொட்டபோது கதவு அப்பொழுதுதான் மூடிக்கொண்டது. ஒரு நிமிஷம் முந்தியிருந்தால் சரித்திரம் மாறியிருக்கும். சுவரில் சார்த்த ஏணிகளோ பின்னால் தங்கிவிட்டன.

அப்போது மலை கல்லைக் கக்கத் தொடங்கியது.

உச்சியில் நின்றவர்கள் பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட்டார்கள். வந்து சேர்ந்த ஏணிகள் முறிந்தன. ஏணியில் இருந்த மனிதர்கள் நசுங்கினார்கள். பக்கத்தில் ஒதுங்க இடம் கிடையாது. இரண்டு பக்கமும் பாறை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தார் மாக்ஸ்வெல். பின்பு பேட்டைக்கு நெருப்பு வைத்துவிட்டு இறங்கிப் போனார். மேலிருந்து கல்மழை, கீழே தீ, நடுவில் ஓலம். அந்த இரவில் அதை எட்ட இருந்து பார்த்தவனுக்கு எரிமலை என்றே தோன்றியிருக்கும்.

பையன் மதிலின் மீது கை வைத்தபடி கீழே எட்டிப் பார்த்தான். “இந்த வழியாகவா ஓடி ஏறினார்கள்?” என்று கேட்டான். கேலி போய்விட்டது, குரலில்.

“இந்த வழியாகத்தான். ஆனால் கதை இன்னும் முடியவில்லை. நான்கு மாதம் கழித்து, 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை விட்டுக் கொடுத்தார். இரண்டு பிள்ளைகளைப் பணயமாகவும் அனுப்பினார். கொடுத்த பாதியில் பாராமகாலும் ஒன்று. இந்த மலையில் ஒரு சிப்பாய் கூட ஏறவில்லை, ஒரு கல் கூட உருளவில்லை. கிருஷ்ணகிரி கும்பினியார் கைக்குப் போய்விட்டது.”

பெரியவர் இத்தனை நேரமும் கேட்டுக் கொண்டிருந்தார். “ஏறி வந்தவன் கிட்ட தோக்கல. எழுதினவன் கிட்ட தோத்துது. அப்படித்தானே சார்?” என்றார்.

நான் நான்கு பக்கத்தில் சொல்ல வந்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

எழுதியவர்கள் அதோடு நிற்கவுமில்லை. கோட்டை வந்த கையோடு அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி பாராமகாலை நிர்வகிக்க வந்தார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னராகிக் குதிரை மேல் சிலையாக நிற்பவர். ஏழு வருஷங்கள் அவர் இந்தச் சீமையில் இருந்தார். வயல் வயலாக அளந்து, குடியானவன் ஒவ்வொருவனுக்கும் தீர்வை கணக்கிட்டார்கள். ரயத்துவாரி என்ற ஏற்பாடு இங்கேதான் வேர் பிடித்தது. பீரங்கிக்கு மசியாத சீமை அளவுச் சங்கிலிக்குள் அடங்கியது. நண்பர் வீட்டு அலமாரியில் கிடக்கும் நிலப் பத்திரங்களின் வம்சாவளியைத் தேடிப் போனால் அந்தச் சங்கிலியில்தான் போய் முடியும்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் எழுந்து கொண்டிருந்தது. இடிந்த சுவர்கள், பாறையில் வெட்டிய சுனைகள், பனியில் நனைந்த புல். கீழே ஊர் விழித்துக் கொண்டிருந்தது. கிழக்கே மத்தூர் திசையில் கரடு கரடாகப் பாறைக் குன்றுகள், பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. சில குன்றுகளுக்குத் தலை இல்லை. கத்தியால் வெண்ணெயை வெட்டியது போலச் சதுரம் சதுரமாகக் குறைந்திருந்தன. அந்தக் கற்கள் மெருகேறிக் கப்பலேறி, எந்தெந்தத் தேசத்து வீடுகளிலோ தரையாகக் கிடக்கின்றன.

“எரிமலை என்று நீங்கள் சொன்னது வெறும் உவமைதானே சார்?” என்று பையன் கேட்டான்.

உவமை மட்டும் அல்ல. நிலவியல் படித்த ஒரு நண்பரிடம் நான் முன்பே பாடம் கேட்டிருந்தேன். இந்தக் கிருஷ்ணகிரிப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு, மெல்ல மெல்ல ஆறி இறுகியது. வாய் திறந்து கக்காமல் உள்ளேயே அடங்கிய நெருப்பு. மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் கரைந்து போக, பாறை வெளியே தெரிகிறது.

அதைவிட ஆச்சரியம் மத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாமல்பட்டியில் கார்பனடைட் என்ற ஒரு வகைக் கல் கிடைக்கிறது. பார்த்தால் சுண்ணாம்புக் கல். பிறப்பால் நெருப்புக் கல். எழுபது எண்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வெளியே வராமலே உறைந்தது. அந்த ஜாதிக் குழம்பை இன்றும் கக்குகிற எரிமலை உலகம் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான். மற்ற எரிமலைகளின் குழம்பு ஆயிரம் டிகிரியை எட்டும். இதுவோ அதில் பாதிச் சூட்டிலேயே ஓடும். கறுப்பாக வந்து, சில நாளில் வெளுத்துப் போகும். 1960-இல் டாஸன் என்ற விஞ்ஞானி போய்ப் பார்த்து அதன் தன்மையைக் கண்டு சொன்னார்.

“அந்த மலையின் பெயர் என்ன தெரியுமா, தம்பி? ஓல் டொயின்யோ லெங்காய்.”

அவன் ஒன்றும் பேசவில்லை. பெரியவர் துண்டை விரித்துப் பாறையில் உட்கார்ந்து, வெற்றிலையைக் கிள்ளினார். அவருக்கு இதில் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் நின்ற மலைக்குப் பயம் இல்லை. சரித்திரச் சின்னம் என்று தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. கோட்டை கட்டப்பட்ட பாக்கியம் அது. எந்த ராஜாவும் கோட்டை கட்டாத கரடுகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவற்றின் உச்சியில் நின்று கல் உருட்டவும் ஆள் கிடையாது. இன்று ஏணியோடு வருகிறவர் யாரும் இல்லை. பத்திரத்தோடுதான் வருகிறார்கள்.

நான் உபதேசம் செய்ய விரும்பவில்லை. கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்பது நியாயமான தேவை. கரட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நகை வராது. குவாரியில் உடைக்கிறவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் 250 கோடி வருஷத்துச் சொத்தை ‘வெறும் பாறை’ என்று சொல்லி எழுதிக் கொடுப்பது வேறு; இன்னது என்று தெரிந்து, யோசித்து, கொடுப்பதோ கொடுக்காமல் விடுவதோ வேறு. ராஜாக்கள் கூட இழப்பது இன்ன மலை என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

இறங்கும்போது பையன் முன்னால் போகவில்லை. பெரியவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து இறங்கினான். அடிவாரத்தில் டீ குடித்தோம். பெரியவருக்குப் பணம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, “அடுத்த தபா வந்தா மழைக்கப்புறம் வாங்க. சுனையெல்லாம் ரொம்பியிருக்கும்” என்றார்.

மத்தூர் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. நண்பர் தோப்பு வாசலில் நின்று கொண்டிருந்தார். பிள்ளை நேரே வீட்டுக்குள் போகவில்லை. மரங்களுக்கிடையே நடந்து, கரட்டின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தான்.

“என்ன சொன்னீர்கள் அவனிடம்?” என்று நண்பர் கேட்டார்.

“சரித்திரம்தான்” என்றேன்.

மாலையில் நான் விடைபெற்றுக் கொண்டபோது பத்திரம் அலமாரியிலேயே இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. அது விழுமா, விழாதா என்பது எனக்குத் தெரியாது. இந்த ஒரு கதையின் முடிவை எழுத வேண்டியவன் நான் அல்ல.